இருபத்தொரு நாள் மேசை

எங்கள் அவையில் எந்த மசோதாவும் சட்டமாவதற்கு முன்னால் இருபத்தொரு நாள் என் மேசைமேல் கிடக்க வேண்டும். மேசை என்பது பேச்சுக்குச் சொல்வதில்லை. நான்கு கால் உள்ள நிஜ மேசை. அவைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், வாசல் காவலரைத் தாண்டி இடப்பக்கம் திரும்பினால் ஒரு நீள அறை. எட்டு நாற்காலி, இரண்டு மின்விசிறி, அதில் ஒன்றுதான் ஓடும். நடுவில் பன்னிரண்டு அடி நீளத்துக்கு அந்த மேசை. முதல் வாசிப்பு முடிந்த மசோதா வெள்ளைத்தாளில் அச்சாகி இங்கே வரும். யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், உட்கார்ந்து படிக்கலாம், மனதில் பட்டதை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியில் போடலாம். இருபத்திரண்டாம் நாள் காலை நான் பெட்டியைத் திறந்து, எல்லாச் சீட்டையும் படித்து, ‘பொதுமக்கள் கருத்து’ என்று ஒரு குறிப்பு எழுதிக் கையெழுத்திட்டுக் குழுவுக்கு அனுப்புவேன். குழு அதை அலசிப் பிழிந்து மஞ்சள் தாளில் திருப்பித் தரும். கடைசி வாசிப்புக்குப் பச்சைத்தாள். பச்சை வருவதற்குள் சில மசோதாக்களுக்கு ஒரு வயது முடிந்துவிடும்.

பத்தொன்பது வருடமாக இந்த வேலை. ஆபீஸில் எனக்கு ஆமை என்று பெயர். எனக்கு அதில் வருத்தமே கிடையாது. அவசரப்படுகிறவர்கள் மாடியில் நிறையப் பேர் இருக்கிறார்கள், சம்பளமும் அவர்களுக்குத்தான் அதிகம். கீழே ஒருவனாவது நிதானமாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

வருகிற சீட்டுகளில் முக்கால்வாசி குப்பை, அதை மறைப்பானேன். ஒரு பெரியவர் ஒரு மசோதாவைக்கூட விட்டதில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே கருத்து எழுதுவார்: ‘இது மோசடி.’ தேனீ வளர்ப்புக்கும் மோசடி, நூலக நேரத்துக்கும் மோசடி. மோசடித் தாத்தா என்று பெயர் வைத்திருந்தோம். அவர் புண்ணியத்தில் பத்தொன்பது வருடத்தில் ஒரே ஒரு தடவை தவிர என் குறிப்பில் ‘கருத்து ஏதும் வரவில்லை’ என்று எழுத நேர்ந்ததில்லை.

ஆனால் மிச்சம் கால்வாசி இருக்கிறதே, அதற்காகத்தான் அந்த மேசை. ஆஸ்பத்திரிகளில் கூட்டம் தாங்கவில்லை என்று, நோயாளிக்கு ஒரே ஒரு ஆள்தான் துணைக்கு இருக்கலாம், அந்த ஆளை மாற்றவும் கூடாது என்று ஒரு மசோதா வந்தது. அவையில் எல்லாரும் தலையாட்டியாகிவிட்டது. பதினேழாம் நாள் ஒரு பெயின்டர் கையெல்லாம் நீலக்கறையோடு வந்து சீட்டில் எழுதினார்: ‘என் பையனுக்கு மூணு வயசு. ஆஸ்பத்திரியில் ரெண்டு மாசம். நானா அவன் அம்மாவா?’ மசோதா குழுவில் திரும்பி உட்கார்ந்துகொண்டது. மாடியில் இருந்த அத்தனை பேரிலும் ஒருத்தருக்குக்கூட அது தோன்றவில்லை. கேள்வி வைத்திருப்பவர்கள் எல்லாரும் அவைக்குப் பக்கத்துத் தெருவிலா குடியிருக்கிறார்கள்? லீவு சொல்ல வேண்டும், இரண்டு பஸ் மாற வேண்டும், பிள்ளையை யாரிடமாவது விட்டுவிட்டு வர வேண்டும். அதற்குத்தான் இருபத்தொரு நாள்.

குழுத் தலைவியாக ஒரு மூத்த உறுப்பினர் இருந்தார். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எந்த மசோதா போனாலும் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்து ஒரே கேள்வியைக் கேட்பார்: “சரி, எப்பருந்து? அதுவரைக்கும் என்ன பண்ணுவாங்க?” அவர் எழுந்தாலே பின்வரிசையில் சிரிப்புக் கிளம்பும். அதுவரைக்கும் அம்மா என்றுதான் கேன்டீனில் பேச்சு. நானும் சிரித்தவன்தான்.

இனி சிட்டுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

சிட்டு என் தங்கச்சி மகள். ஏழு வயது. தங்கச்சி கீழ்வீட்டில், ஒண்டிக்கட்டையான நான் மாடியில். மாப்பிள்ளைக்கு வெளியூரில் வேலை, மாதக் கடைசியில்தான் வருவார். அதனால் காலையில் சிட்டுவின் ஷூவுக்கு லேஸ் கட்டுவது என் டிபார்ட்மென்ட். இரட்டை முடிச்சு போடுவேன். வேன்காரர் தெருமுனையில் ஹாரன் அடிப்பார். “ஆமை மாமா! சீக்கிரம்! போயிடும்!” என்று தலையில் தட்டுவாள். “போனா போகட்டும்டி, நாளைக்கும் வரும்” என்பேன். ஆபீஸில் என்னை ஆமை என்கிறார்கள் என்று ஒருநாள் வாய்தவறிச் சொன்னது நான்தான். அதற்கப்புறம் எனக்கு வீட்டிலும் அதே பேர்தான்.

பன்னிரண்டு பேர் உட்காரும் வேனில் இருபத்திரண்டு பிள்ளைகள். கதவோரம் நெருக்கியடித்து நின்றவர்களில் அவளும் ஒருத்தி. வளைவில் திரும்பும்போது தாழ்ப்பாள் விட்டுக்கொடுத்துவிட்டது. அதற்குமேல் எனக்கு எழுத வராது. அன்றைக்கு எனக்கு ஆபீஸில் சீக்கிரம் வேலை இருந்ததால் ஒற்றை முடிச்சோடு எழுந்துவிட்டேன். வழக்கம்போல நிதானமாகக் கட்டியிருந்தால் வேன் போயிருக்கும். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தங்கச்சி அழவில்லை. சிட்டுவின் தண்ணீர் பாட்டிலைக் கழுவி, துடைத்து, மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். நான்காம் நாள் எங்கள் பகுதி உறுப்பினர் வந்தார், அவையில் ஒரு கட்சிக்குத் தலைவரும்கூட. மைக் எங்கே தெரிகிறதோ அங்கே நிற்பார் என்பதால் அவருக்கு மைக் என்றே பெயர். கெட்டவர் இல்லை. அன்றைக்கு அவர் கண்ணிலும் தண்ணீர் இருந்தது. “ஒரு சட்டம் கொண்டு வர்றேம்மா. வேனுக்குப் பத்துப் பிள்ளைதான். மீறினா அந்த இடத்துலயே பர்மிட் காலி, டிரைவருக்கு ஜெயில். உங்க பொண்ணு பேர்லயே கொண்டு வர்றேன்” என்றார்.

தங்கச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த நான்கு நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“வருமா அண்ணா?”

“வரும்” என்றேன். “உடனே வரும்.”

நான் அவ்வளவு உறுதியாகப் பேசியது எனக்கே புதிது. அந்த நிமிஷம் என் மேசையை நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது. இருபத்தொரு நாளாம், வெள்ளையாம், மஞ்சளாம். ஒரு தாய்க்கு முன்னால் இந்தக் கூத்தையெல்லாம் எந்த வாயால் சொல்வது?

மறுவாரம் மசோதா வந்தது. காலை ஒன்பதரைக்கு முதல் வாசிப்பு. பத்து மணிக்கு வெள்ளைத்தாள் என் மேசைக்கு வந்துவிட்டது. மசோதா மேசைக்கு வந்ததும் எல்லாப் பகுதி அலுவலகங்களுக்கும் அறிவிப்பு அனுப்புவது என் வேலை. ‘இந்த மசோதா இன்ன தேதிவரை இருபத்தொரு நாள் மக்கள் பார்வைக்கு இருக்கும், கருத்துள்ளவர்கள் வரலாம்’ என்று நாலு வரி, கீழே தேதி, முத்திரை. கை பழக்கத்தில் அதைச் செய்தது. முத்திரை குத்தி, உறையில் போட்டு, பத்தரை மணித் தபாலில் சேர்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

பதினொரு மணிக்குச் செயலாளர் கூப்பிட்டார். எல்லாக் கட்சித் தலைவர்களும் விதியைத் தளர்த்தக் கையெழுத்திட்டுவிட்டார்கள். ஒருவர் மறுத்தாலும் தளர்த்த முடியாது. அன்றைக்கு மறுக்க யாருக்கு மனசு வரும்? பத்திரிகைகள் எல்லாம் முதல் பக்கத்தில் ‘சிட்டு சட்டம்’ என்று போட்டிருந்தன.

“உங்க குறிப்பு ஒண்ணுதான் பாக்கி. கருத்து ஏதாவது வந்துச்சா?” என்றார் செயலாளர்.

“மேசைக்கே இப்பதானே சார் வந்துச்சு.”

“அப்ப வரலன்னு எழுதிக் கொடுங்க. பொய் இல்லையே.”

பொய் இல்லைதான். ஒரு மணி நேரம் முன்னால் அச்சான தாளை யாரும் படித்திருக்கவில்லை. மோசடித் தாத்தாகூட இன்னும் வந்திருக்கவில்லை. ‘மாட்டேன்’ என்று நான் சொல்லியிருந்தால் அன்றைக்கு அது நின்றிருக்கும். குறிப்பில்லாமல் தளர்வு இல்லை. என் பத்தொன்பது வருட வேலையில் அந்தக் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு இருந்த ஒரே நாள் அது. ‘கருத்து ஏதும் வரவில்லை’ என்று எழுதிப் போட்டேன். சிட்டுவுக்காக நான் செய்த நல்ல காரியம் என்று பெருமையாகவே இருந்தது.

மஞ்சள் தாள் கிடையாது, குழு கிடையாது. நேராகப் பச்சை. மை காயாமல் விரலில் ஒட்டியது. தங்கச்சியைப் பார்வையாளர் மாடத்தில் முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். மடியில் அந்தத் தண்ணீர் பாட்டில். மைக் பேசினார், அழுதார். மற்றவர்களும் பேசினார்கள். கடைசியில் அதுவரைக்கும் அம்மா எழுந்தார். பின்வரிசை அன்றைக்குச் சிரிக்கவில்லை. அவர் வாயைத் திறந்தார். தலையை நிமிர்த்தி மாடத்தைப் பார்த்தார். “ஒண்ணுமில்ல” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

மாலை நான்கு மணிக்குச் சட்டம் நிறைவேறியது. அன்றிலிருந்தே அமல். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தங்கச்சிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அவளும் எழுந்து நின்றாள்.

அறிவிப்புத் தபாலைத் திரும்பப் பெற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒன்பதாம் நாள் மதியம், சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் உள்ளே வந்தார். முப்பது வயது இருக்கும். ஏதோ கம்பெனிச் சீருடை, அதன்மேல் ஒரு பழைய ஸ்வெட்டர், நகக்கண்ணில் பசை காய்ந்திருந்தது. கையில் நான் அனுப்பிய அறிவிப்பு.

“இதான மேசை?”

“இதாம்மா. எந்த மசோதா?”

“வேன் மசோதா.”

பாத்திரத்தை ஓரமாகத் தள்ளி வைத்தேன். அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, மூச்சுவிடாமல் பேச ஆரம்பித்தார். அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வேலை. வீடு ஊருக்கு வெளியே, பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம். அங்கேயிருந்து பள்ளிக்கூடம் ஐந்து கிலோமீட்டர். பஸ் கிடையாது. ஒரே ஒரு வேன், பதினெட்டுப் பிள்ளைகள். பத்துப் பேரை ஏற்றினால் தனக்குக் கட்டாது, இரண்டு நடை அடித்தால் இரண்டாவது நடை பள்ளிக்கூட நேரத்துக்குச் சேராது, பதினெட்டை ஏற்றினால் ஜெயில் என்று வேன்காரர் கையைக் கழுவிவிட்டார். இப்போது அதே வேனில் காய்கறி ஏற்றுகிறார்.

“அந்தாளுகிட்ட நல்லா சண்டை போட்டேங்க. சட்டம் வந்துடுச்சும்மாங்கறான். டிவிலயும் அப்படித்தான் சொன்னாங்க. ஆனா இந்தா பாருங்க, ஆபீஸ் போர்டுல ஒட்டியிருந்ததக் கேட்டு வாங்கிட்டு வந்தேன். இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு. சீல் வெச்ச காகிதத்தத்தானே நம்பணும்? நீ பொய் சொல்றேன்னு அவனத் தெருவுல வெச்சே கேட்டுட்டேன்.”

என் முத்திரைதான். கொஞ்சம் சாய்ந்து விழுந்திருந்தது.

“அவர் சொன்னது உண்மைதாம்மா. அது சட்டமாயிடுச்சு.”

“எப்போ?”

“அன்னைக்கே.”

அவர் காகிதத்தை இன்னொரு முறை படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“அப்ப இதை எதுக்குங்க ஒட்டினாங்க?”

அவர் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். பதினோரு அம்மாக்கள் கையெழுத்திட்டிருந்தார்கள், இரண்டு கைநாட்டு. ‘வேனுக்குப் பத்துப் பிள்ளை என்பது நியாயம்தான். அந்தப் பாப்பாவுக்கு வந்த கதி எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது. ஆனால் இன்னொரு வண்டி கிடைக்கும்வரைக்கும் எங்கள் பிள்ளைகள் பெரிய ரோட்டில் நடந்து போகிறார்கள். லாரி ஓயாமல் வருகிறது. அதுவரைக்கும் ஒரு வழி சொல்லுங்கள்.’

அதுவரைக்கும். ஒன்பது நாள் முன்னால் ஒரு வாயிலிருந்து வரவேண்டிய கேள்வி, லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி, இன்றைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. விதிப்படி பார்த்தால் அவர் தாமதமாக வரவே இல்லை. பன்னிரண்டு நாள் முன்கூட்டியே வந்திருந்தார்.

தாளை வாங்கி, ‘பெறப்பட்டது’ என்று முத்திரை குத்தினேன். அதைத் தவிர என்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. “ஏதாவது பண்றேம்மா” என்றேன். “பண்ணுங்க. என் பெரியவளுக்குப் பத்து வயசு. தம்பியையும் அவதான் கையில பிடிச்சுக் கூட்டிட்டுப் போறா. நான் ஆறு மணிக்கே ஷிப்டுக்குப் போயிடுவேன்” என்று சொல்லிவிட்டு, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

அன்றைக்கே தாளோடு மாடிக்கு ஓடினேன். ஆமை ஓடுகிறது என்று யாரோ சொன்னார்கள். அதுவரைக்கும் அம்மா தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“எழுந்தேன்ல அன்னைக்கு” என்றார். “உங்க தங்கச்சி முகத்தப் பார்த்ததும் வாய் வரல. இத்தனை வருஷமா எல்லார்கிட்டயும் கேட்டவ, அன்னைக்கு ஒரு நாள் கேக்கல.”

ஒரு வாரத்தில் அவர் திருத்த மசோதா ஒன்றைத் தயார் செய்தார். வேறு வண்டி இல்லாத இடங்களில் அரசே ஒரு பஸ் விட வேண்டும், பஸ் வரும்வரை பெரிய ரோடு ஓரம் ஆள் நிறுத்த வேண்டும். இரண்டே பக்கம். இதற்கும் விதியைத் தளர்த்தலாமே என்று நான் மைக்கிடம் போய் நின்றேன். மற்ற தலைவர்கள் எல்லாரும் ஒப்பினார்கள், அவர் மட்டும் ஒப்பவில்லை.

“என்னங்க விளையாடுறீங்களா? சிட்டு சட்டத்துல கை வெச்சா ஜனங்க என்னை உயிரோட விடுவாங்களா? உங்க தங்கச்சி மூஞ்சில நீங்க எப்படி முழிப்பீங்க? முறைப்படி இருபத்தொரு நாள் கிடக்கட்டும். அந்த விதிய வெச்சதே நிதானமா யோசிக்கத்தானே?”

நான் பத்தொன்பது வருடமாக எல்லாருக்கும் சொல்லிவந்த அதே வாக்கியம். அவர் வாயில் கேட்க நேர்ந்தது. கெடுத்தது ஒரே நாளில், சரிசெய்ய மட்டும் இருபத்தொரு நாள். அவர்மேல் கோபப்படவும் எனக்கு யோக்கியதை இல்லை.

திருத்தம் வெள்ளைத்தாளில் என் மேசைக்கு வந்தது. தினமும் காலையில் அதன்மேல் இருக்கும் தூசியைத் தட்டுவேன், நாளை எண்ணுவேன். மோசடித் தாத்தா வந்து உட்கார்ந்தார், கண்ணாடி துடைத்தார். இந்தத் தடவை மட்டுமாவது அவர் எழுதாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ‘இது மோசடி’ என்று எழுதிப் போட்டுவிட்டுப் போனார்.

பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணிக்குப் பகுதி அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பெரிய ரோட்டில், ஒரு லாரியை முந்திக்கொண்டு வந்த இன்னொரு லாரி. பெரியவள் தம்பியை ஓரத்துப் பள்ளத்தில் தள்ளிவிட்டிருக்கிறாள். தம்பிக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான்.

போனை வைத்தேன். அறையில் ஓடாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். தங்கச்சியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னேன். கேட்டுக்கொண்டே நின்றவள் அடுப்பை அணைத்தாள். “என்னைக் கூட்டிட்டுப் போ” என்றாள்.

“எதுக்கும்மா, நீ இருக்கற நிலைமைல...”

“கூட்டிட்டுப் போ அண்ணா.”

இரண்டு பஸ் மாறினோம். அந்தப் பெண்ணுக்கு இந்தத் தூரம் எவ்வளவு தூரம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரே அறை வீடு, வாசலில் நிறையச் செருப்புகள். தங்கச்சி உள்ளே போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். சின்னவன் கையில் கட்டோடு சுவரோரம் உட்கார்ந்து இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர்தான் முதலில் பேசினார். “உங்களையும் உங்க பாப்பா போட்டோவையும் டிவில பார்த்தேங்க. அன்னைக்கு எங்க வீட்ல யாரும் சாப்பிடல. பெரியவதான் ரொம்ப அழுதா.”

தங்கச்சிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. சிட்டு போனதிலிருந்து வராத அழுகை. அவர் தோளில் சாய்ந்து, வாய்விட்டு, அந்தச் சின்ன அறை நிறைய அழுதாள். தன் பிள்ளையைப் பறிகொடுத்து ஒரு நாள்கூட ஆகாத அந்தப் பெண், என் தங்கச்சியின் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நான் வெளியே வந்து செருப்புகளுக்கு நடுவில் நின்றேன்.

கிளம்பும்போது தங்கச்சி கையில் ஒரு காகிதம் இருந்தது. அலமாரியில் இருந்ததாம், அவர் எடுத்துக் காட்டினாராம், கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். பஸ் நிறுத்தத்தில் நின்று அதைப் பிரித்தாள். நான் அனுப்பிய அறிவிப்பு, அதே சாய்ந்த முத்திரை. லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றும் போகும்போது காகிதம் படபடவென்று அடித்துக்கொண்டது.

“இதுல இருபத்தொரு நாள்னு போட்டிருக்கே, என்ன அது?”

சொன்னேன். மேசையைப் பற்றி, சீட்டுகளைப் பற்றி, அந்தப் பெயின்டரைப் பற்றி. எத்தனையோ வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் என் வேலையைப் பற்றி நான் அவளிடம் விளக்கமாகப் பேசியதே இல்லை.

“அப்ப நம்ம சட்டமும் அங்க கிடந்திருக்கணுமா?”

“ஆமா.”

“கிடந்திருந்தா அந்தம்மா வந்து சொல்லியிருப்பாங்க.”

“ஒன்பதாம் நாளே வந்தாங்க.”

“வேணாம்னு சொன்னது யாரு?”

“எல்லாரும்தான். கடைசிக் கையெழுத்து நான். கருத்து எதுவும் வரலன்னு எழுதிக் கொடுத்தேன். உனக்காகத்தாம்மா. நீ எப்படிம்மா அவ்வளவு நாள் தாங்குவேன்னு...”

அவள் காகிதத்தை வந்த மடிப்பிலேயே மடித்தாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருக்கலாம்.

“நான் சீக்கிரம் வேணும்னு கேட்டேனா அண்ணா?”

யோசித்துப் பார்த்தேன். கேட்கவில்லை. ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள்.

“வருமான்னுதானே கேட்டேன். என் பிள்ளை போயாச்சு, எனக்கு இனிமே என்ன அவசரம்? இப்படி ஒரு மேசை இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே வந்து அங்க உக்காந்திருப்பேனே. அந்தம்மா வர்ற வரைக்கும் இருந்திருப்பேனே. இருபத்தொரு நாள் எனக்கு வேற என்ன வேலை இருந்துச்சு, சொல்லு.”